நான்காவது கூறு: தெங்கர் என்கிற மங்கோலியப் பாடகர்

1

ஒரு தேசிய இனத்தைப் பாடச் சொல்வது வேறு, பேச விடுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதில்தான் நவீன அரசுகளின் சாமர்த்தியம் இருக்கிறது. வண்ண ஆடை உடுத்திய ஒரு கூட்டத்தை மேடையேற்றி ஆட வைத்து, 'பாருங்கள், இவங்களுக்கு என்ன குறை?' என்று கேட்டுவிட்டால் அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது. குறை என்று ஒன்றைச் சொன்னால் அந்தப் பாட்டையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

1913இல் ஸ்டாலின் எழுதிய 'மார்க்சியமும் தேசிய இனப் பிரச்சினையும்' நம் தோழர்கள் பலருக்கு மனப்பாடம். தேசிய இனத்துக்கு நான்கு கூறுகள்: பொது மொழி, பொது நிலப்பரப்பு, பொதுப் பொருளாதார வாழ்வு, இவற்றின் மேல் எழும் பொது உளவியல் அமைப்பு. இந்த நான்காவது, பண்பாட்டில் வெளிப்படும். 1949க்குப் பிறகு சீனத்தில் தேசிய இனங்களை அடையாளம் காணும் வேலை இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 400க்கும் மேற்பட்ட பெயர்களில் மக்கள் தங்களைப் பதிந்துகொண்டார்கள். மானுடவியலாளர்களும் மொழியியலாளர்களும் உட்கார்ந்து வடிகட்டினார்கள். கடைசியாக 1979இல் ஜீனோ இனத்தைச் சேர்த்து, ஹான் இனத்தோடு மொத்தம் 56 என்று கணக்கை முடித்தார்கள்.

கணக்கு முடிந்ததும் நடந்தது என்ன? முதல் மூன்று கூறுகள் அரசின் கைக்குப் போயின. நிலத்தில் யார் குடியேறுவது, என்ன விளைவிப்பது, எந்த மொழியில் படிப்பது எல்லாம் திட்டக் குழுவின் விவகாரம். இனத்திடம் மிச்சம் விடப்பட்டது நான்காவது மட்டும். அதற்கு மேடை, ஒலிபெருக்கி, சம்பளம், பதக்கம் எல்லாம் உண்டு. இந்த நான்காவது கூறிலிருந்து ஒரு மனிதர் வந்தார். வந்தவர் மற்ற மூன்றைப் பற்றியும் பாடத் தொடங்கினார். அவர் பெயர் தெங்கர். மங்கோலிய மொழியில் அதற்கு வானம் என்று பொருள், பழைய மங்கோலிய நம்பிக்கையில் கடவுளும் அதுதான்.

2

1960இல் உள் மங்கோலியாவின் ஓர்தோஸ் பகுதியில் ஓதோக் வட்டாரத்தில் தெங்கர் பிறந்தார். மஞ்சள் ஆற்றின் பெரிய வளைவுக்குள் கிடக்கும் மேட்டு நிலம் ஓர்தோஸ். பாதி புல், பாதி மணல். செங்கிஸ்கானின் நினைவுக்குரிய எட்டு வெள்ளைக் கூடாரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தர்ஹாத் மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள். 1939இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி அந்தப் புனிதப் பொருள்களை மேற்கே கொண்டு போனார்கள். 1954இல் திரும்பக் கொண்டுவந்து புதிய மண்டபம் கட்டித் தந்தது கம்யூனிஸ்ட் அரசு. செங்கிஸ்கானின் பெயரைச் சொல்லவே எல்லைக்கு அப்பாலிருந்த மங்கோலிய மக்கள் குடியரசில் பயந்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் அவருக்கு மண்டபம். இந்த முரணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதற்கும் முந்தைய கதை நிலத்தின் கதை. 1902இல் சிங் பேரரசு தன் பழைய கொள்கையைக் கைவிட்டு மங்கோலிய மேய்ச்சல் நிலங்களை உழவுக்குத் திறந்துவிட்டது. கஜானா காலி, எல்லையில் ரஷ்யப் பயம். உழுவதற்கு வந்தவர்கள் வறுமைக்குத் தப்பி வந்த ஹான் விவசாயிகள். நிலத்தை விற்றவர்களில் மங்கோலிய இளவரசர்களும் இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஓர்தோஸில் 'துகுய்லாங்' என்ற வட்ட இயக்கம் இருந்தது. மனுவில் கையெழுத்து போடும்போது யார் தலைவர் என்று அதிகாரி கண்டுபிடிக்க முடியாதபடி வட்டமாகப் பெயர்களை எழுதுவார்கள், அதனால்தான் அந்தப் பெயர். கிழக்கே கோர்ச்சின் பகுதியில் காதா மெய்ரென் கிளர்ந்து எழுந்து 1931இல் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிய நாட்டுப்பாடல் இன்றும் பாடப்படுகிறது. 1949க்குப் பிறகு அந்தப் பாட்டு நிலப்பிரபுத்துவ எதிர்ப்புப் பாட்டாக அரசின் தொகுப்புக்குள் போனது. அது பொய்யும் இல்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் ஏர் நிலமாவதை எதிர்த்த பாட்டு அது என்பதை மட்டும் மெல்லத் தள்ளி வைத்துவிட்டார்கள். வர்க்கம் பேசி நிலத்தை மறைக்கிற இந்த வித்தையை ஒரு நாட்டுப்பாடலை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

1947 மே 1 அன்று, மக்கள் சீனம் பிறப்பதற்கு முன்பே, உள் மங்கோலியத் தன்னாட்சிப் பகுதி அமைக்கப்பட்டது. தலைமை ஏற்ற உலான்ஹூ மங்கோலியர், பழைய கம்யூனிஸ்ட். பண்பாட்டுப் புரட்சியில் அவரும் வீழ்த்தப்பட்டார். 1967 கடைசியிலிருந்து 1969 வரை 'உள் மங்கோலிய மக்கள் கட்சி' என்ற இரகசிய அமைப்பு இருக்கிறது, அதன் ஆட்களைத் தோண்டி எடுக்கிறோம் என்று ஒரு வேட்டை நடந்தது. பின்னாளில் நால்வர் கும்பல் மீதான விசாரணையில் சீன அரசே ஒப்புக்கொண்ட கணக்கு: 3,46,000க்கும் மேற்பட்டவர்கள் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார்கள், 16,222 பேர் இறந்தார்கள். இவர்களில் பெரும்பான்மை மங்கோலியர்கள். 1969இல் தன்னாட்சிப் பகுதியையே வெட்டிப் பக்கத்து மாகாணங்களுக்குப் பங்கு போட்டார்கள், 1979இல்தான் ஒட்டினார்கள். வேட்டை நடந்தபோது தெங்கருக்கு வயது எட்டு, ஒன்பது. அவர் தலைமுறை மங்கோலியர்கள் எல்லோரும் இந்த மௌனத்துக்குள் வளர்ந்தவர்கள்தான். அந்த மௌனத்தைப் பற்றிப் பாட்டு எதுவும் அப்போது அனுமதிக்கப்படவில்லை.

3

1975இல், பதினைந்து வயதில், தெங்கர் ஹோஹோட் நகரத்துக் கலைப் பள்ளிக்குப் போனார். முதலில் நடனம். பிறகு 'சான்ஷியான்' என்கிற மூன்று நரம்பு வாத்தியம். அதன் பிறகு தியன்ஜின் இசைக் கல்லூரியில் இசையமைப்பு. 1985இல் படிப்பை முடித்துவிட்டுப் பெய்ஜிங்கில் மத்திய தேசிய இனங்கள் ஆடல்பாடல் குழுவில் சேர்ந்தார். வாத்தியக்காரராகத்தான் வந்தார், பாடகராக அல்ல.

இந்தப் பாதையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மேய்ச்சல் நிலத்துப் பையனுக்கு மேலே வருவதற்கு அன்று திறந்திருந்த சில வழிகளில் பாட்டும் ஆட்டமும் ஒன்று. ராணுவம், கட்சி, கலைக்குழு. கலைக்குழு என்றால் சும்மா இல்லை, அரசு வேலை. 1957இல் உள் மங்கோலியாவின் சோனித் வலது வட்டாரத்தில் தொடங்கப்பட்ட 'உலான் முச்சிர்' ('சிவப்புக் கிளை' என்று பொருள்) குழுக்கள் வண்டியேறிப் புல்வெளி முழுக்கச் சுற்றின. நல்ல பாட்டு, நல்ல ஆட்டம், கூடவே கட்சிச் செய்தி. மருத்துவரும் ஆசிரியரும் எட்டாத இடத்துக்கும் அவர்கள் போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரேயடியாகப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட்டால் அந்த மக்கள் அவர்களை ஏன் விரும்பினார்கள் என்பது விளங்காது.

ஆனால் அந்த மேடை வார்த்தெடுத்த மங்கோலியன் எப்படிப்பட்டவன்? எப்போதும் சிரிப்பவன். குதிரையில் வருவான், கிண்ணத்தில் மது தருவான், பெய்ஜிங்கை நோக்கி நன்றி சொல்வான். 1964இல் 'கிழக்கு சிவந்தது' என்ற மாபெரும் மேடைக் காவியத்தில் மங்கோலியப் பாணியில் ஒரு புகழ்ப்பாடல் வருகிறது. அதைப் பாடிப் பேர் வாங்கிய ஹூ சோங்ஹ்வா மங்கோலியர் இல்லை, மஞ்சு இனத்தவர். மங்கோலியனாகப் பாட மங்கோலியன் தேவையில்லை என்ற நிலை அது. குரலைப் பயிற்சியில் மெருகேற்றி, மங்கோலிய நீள்பாடலின் நெளிவைக் கொஞ்சம் தூவினால் போதும். நான்காவது கூறு என்பது இப்படி உடலிலிருந்து கழற்றி யாருக்கும் மாட்டிவிடக்கூடிய ஓர் ஆடையாகிப் போயிருந்தது.

4

இந்த இடத்தில்தான் 'மங்கோலியன்' என்ற பாட்டு வருகிறது. 1980களின் நடுவில் தெங்கர் மெட்டமைத்துப் பாடினார். அடிப்படைக் கவிதை சோய்ஜிலின் சிமித் எழுதியது. 1980இல் இறந்த அவர் மங்கோலிய மக்கள் குடியரசின் கவிஞர். அதாவது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கவிதை. மேய்ப்பர் கூடாரத்தில் பிறந்த ஒருவன் தான் யார் என்று சொல்கிறான், அவ்வளவுதான் விஷயம். உலான்பாட்டரில் இருந்துகொண்டு 'நான் மங்கோலியன்' என்று சொன்னால் அது ஒரு குடிமகனின் பேச்சு. பாஸ்போர்ட்டில் எழுதியிருப்பதைத்தான் சொல்கிறான். அதே வாக்கியத்தைப் பெய்ஜிங்கில் சொன்னால்? 56இல் ஒன்று என்று பொருள். அல்லது, 56இல் ஒன்று என்று சொல்ல மறுப்பதாகவும் பொருள். வார்த்தை மாறவில்லை, நிற்கிற இடம் மாறியது, அர்த்தம் இரண்டாகப் பிளந்தது. தணிக்கை அதிகாரி எதைப் பிடிப்பான்? நிலத்தை நேசிக்கிறேன் என்கிறான், எந்த நிலம் என்று சொல்லவில்லையே.

பழைய பாட்டுகளில் 'நாம்' பாடும். இதில் 'நான்' பாடுகிறது. பழைய பாட்டுகள் பெய்ஜிங்கைப் பார்த்துப் பாடின. இந்தப் பாட்டில் பெய்ஜிங் இல்லை. கட்சி இல்லை, தலைவர் இல்லை, நன்றியும் இல்லை. ஒரு பாட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைக் கேட்கப் பழகிய சமூகங்கள் உண்டு. அவர்களுக்கு அது கேட்டது. பெய்ஜிங்கிலும் ஹோஹோட்டிலும் மங்கோலியர்கள் கூடும் இடங்களில் அது அடையாளப் பாட்டாகவே ஆகிப்போனது.

குரலும் முக்கியம். மெருகேறிய கல்லூரிக் குரலை ஒதுக்கிவிட்டுக் கரகரப்பாக, உச்சத்தில் உடைகிற மாதிரி, அழுகைக்கும் கத்தலுக்கும் நடுவில் பாடினார். இதைப் பிறவியில் வந்த 'புல்வெளிக் குரல்' என்று ஆளாளுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை. இந்தக் குரலுக்கு ஒரு காலம் இருக்கிறது. 1986 மே மாதம் பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் சுய் ஜியான் தன்னிடம் ஒன்றுமில்லை என்று பாடியதிலிருந்து சீன ராக் இசை பிறந்ததாகச் சொல்வார்கள். சுய் ஜியானும் சிறுபான்மையினர்தான், கொரிய இனத்தவர். அதையொட்டி 'வடமேற்குக் காற்று' என்று ஓர் அலை. தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் கேசட்டுகளில் வந்த குழைவான காதல் குரலுக்கு எதிராக, வறண்ட நிலத்து ஆணின் முரட்டுக் குரல். பத்தாண்டுகள் கோஷம் போட்டுக் களைத்த ஹான் அறிவுஜீவிகள் தங்கள் 'வேர்களை'த் தேடிக்கொண்டிருந்தார்கள். நாகரிகம் தங்களை மெலிய வைத்துவிட்டது, பலம் எங்கோ எல்லைப்புறத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு ஏக்கம். தெங்கரின் குரல் அந்த ஏக்கத்துக்கும் தீனி போட்டது.

ஆக ஒரே பாட்டை இரண்டு கூட்டம் கேட்டது. ஒரு கூட்டத்துக்கு அது தன் பெயர். இன்னொரு கூட்டத்துக்கு அது தான் இழந்துவிட்ட வீரியம். அவர் பெரும்பாலும் பாடியது சீன மொழியில். மங்கோலியத்திலும் பாடினார், ஆனால் அவரை அவராக ஆக்கியது சீனப் பாட்டுகள். இது துரோகமா? கேட்டா பதில் சுலபமாக வராது. மங்கோலியத்தில் மட்டும் பாடியிருந்தால் உள் மங்கோலியாவுக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஹோஹோட் போன்ற நகரங்களில் வளர்ந்த பல மங்கோலியப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியே தடுமாற்றம். அவர்களுக்கும் 'நீ யார்' என்பதைச் சீன மொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆள்பவனின் மொழியில் தன் பெயரை உரக்கச் சொல்வதும் ஒருவகை அரசியல்தான். அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த மொழி, சொல்பவனை மெல்ல மெல்லத் தன் சொத்தாக ஆக்கிக்கொள்ளும்.

5

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெளிவாகும். 1989 டிசம்பர் 10, மனித உரிமை நாள். உலான்பாட்டரில் இளைஞர் பண்பாட்டு மையத்தின் முன்னால் முதல் ஜனநாயக ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கூட்டங்களில் ஒலித்த பாட்டு 'மணியோசை'. த்சோக்த்சைஹானின் 'ஹோங்க்' (மணி) குழு பாடியது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற மணி. குறியீடு எல்லோருக்கும் விளங்கக்கூடியது. 1990 மார்ச் 7 அன்று சுஹ்பாத்தர் சதுக்கத்தில் உண்ணாவிரதம் தொடங்கியது, இரண்டே நாளில் அரசியல் குழு பதவி விலக ஒப்புக்கொண்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை. 1971இல் அரசே உருவாக்கிய 'சோயோல் எர்தேனே' குழுவிலிருந்து வளர்ந்த ராக் இசை, அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து கித்தார் வாசித்துப் பீட்டில்ஸ் பாடிய பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து வந்த இடம் அது. 2008இல் உலான்பாட்டரில் பீட்டில்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். அதன் பின்பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து கித்தார் வாசிக்கும் ஒரு பையன் இருக்கிறான்.

ஏறக்குறைய அதே சமயத்தில் ஜர்கல்சைஹான் செங்கிஸ்கானைப் பற்றிப் பாடினார். இத்தனை காலம் உன் பெயரைச் சொல்லத் துணியாமல் இருந்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்கிற பாட்டு. மிகை ஒன்றும் இல்லை. 1962இல் செங்கிஸ்கானின் 800ஆம் பிறந்தநாளுக்குத் தபால்தலை வெளியிட்டுச் சின்னம் எழுப்பியதற்காக மாஸ்கோ கோபித்துக்கொண்டது, அரசியல் குழு உறுப்பினர் தோமோர் ஓச்சிர் பதவி பறிக்கப்பட்டார். ஆகவே உலான்பாட்டரில் அந்தப் பெயரைப் பாடியது எதிர்ப்பு.

இந்தப் பக்கம்? செங்கிஸ்கானைப் பாடத் தடையில்லை. அவரைச் 'சீன தேசத்தின் வீரப் புதல்வர்' என்று அரசே சொல்லிக்கொண்டிருந்தது. தடை செய்யப்பட்ட பெயரை உச்சரித்தால் வெடிக்கும். தாராளமாக உச்சரிக்க அனுமதித்த பெயரை உச்சரித்தால் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கிராம்ஷி சொல்லும் மேலாண்மை இங்கே பாடப் புத்தகம் போலத் தெளிவாக இருக்கிறது. சோவியத் பாணி அதிகாரம் பெயரைப் பறித்தது, பறித்ததாலேயே அது ஆயுதமாயிற்று. சீனப் பாணி அதிகாரம் பெயரைப் பறிக்கவில்லை. தன் குடும்ப அட்டையில் சேர்த்துக்கொண்டது.

அனுமதியின் எல்லை எங்கே என்பதையும் அதே ஆண்டுகள் காட்டின. 1981லேயே ஹோஹோட் மாணவர்கள் ஹான் குடியேற்றத்துக்கு வழிவிட்ட மத்திய அரசின் 28ஆம் ஆவணத்தை எதிர்த்து வாரக்கணக்கில் போராடினார்கள், ஒடுக்கப்பட்டார்கள். ஹோஹோட்டில் மங்கோலியப் புத்தகக் கடை வைத்திருந்த ஹதா 1992இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1995 டிசம்பரில் கைது. 'பிரிவினை', 'உளவு' என்று 15 ஆண்டுச் சிறை. முழுத் தண்டனையும் முடித்து 2010 டிசம்பரில் வெளியே வந்த பிறகும் நான்கு ஆண்டுகள் எந்த வழக்கும் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார். நான் மங்கோலியன் என்று மேடையில் பாடியவருக்குக் கைதட்டல். அதே வாக்கியத்தை அரசியல் சட்டத்தின் தன்னாட்சிப் பிரிவோடு சேர்த்து உரைநடையில் எழுதியவருக்குச் சிறை. இதற்காகப் பாடகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அரசு இருவருக்கும் நடுவில் போட்ட கோடுதான் இங்கே ஆராய வேண்டியது: பாட்டுக்கும் உரைநடைக்கும் நடுவிலான கோடு.

6

1993இல் தெங்கர் 'சாம்பல் ஓநாய்' என்ற குழுவை அமைத்தார். 13ஆம் நூற்றாண்டின் 'மங்கோலியரின் இரகசிய வரலாறு' ஓர் ஓநாயையும் பெண்மானையும் மூதாதையராகச் சொல்லித் தொடங்குகிறது, பெயர் அங்கிருந்து வருகிறது. 1995இல் ஷியே ஃபெய் இயக்கிய 'கருங்குதிரை' படத்தில் கதாநாயகனாக நடித்து இசையும் அமைத்தார். மான்ட்ரியல் விழாவில் இயக்குநருக்கும் இசைக்கும் விருது. மூலக் குறுநாவல் சாங் செங்சி எழுதியது. அவர் ஹூய் முஸ்லிம், பண்பாட்டுப் புரட்சியின்போது உள் மங்கோலியப் புல்வெளியில் நான்கு ஆண்டுகள் மேய்ப்பராக வாழ்ந்தவர். கதை உள் மங்கோலியாவில் ஊறிய கதை. படமோ மங்கோலிய நாட்டில் எடுக்கப்பட்டது. உள் மங்கோலிய நடிகர்கள், எல்லைக்கு அப்பாலான புல்வெளி, பெய்ஜிங் இயக்குநர். எது தேசம், எது படப்பிடிப்புத் தளம் என்று பிரிக்க முடியாத ஒரு கலவை.

இந்தப் படத்தைப் பெண்களின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். பாட்டியிடம் ஒன்றாக வளர்ந்த இருவர். அவன் படிக்கப் போகிறான். திரும்பும்போது அவள் வேறொருவனின் வன்முறையால் கருவுற்றிருக்கிறாள். பாட்டியோ பிறக்கப்போவது ஓர் உயிர் என்று ஏற்றுக்கொள்கிறாள். அவனால் முடியவில்லை, போய்விடுகிறான். வருடங்கள் கழித்துப் புல்வெளி நினைவு வந்து குதிரையேறி வருகிறான். புல்வெளி என்றால் தாய், புல்வெளி என்றால் விட்டுவந்த காதலி. ஏங்குகிறவன் எப்போதும் ஆண். சாணம் பொறுக்கி, பால் கறந்து, பிள்ளை வளர்த்து அந்தப் புல்வெளியை உயிரோடு வைத்திருப்பவள் பாட்டின் பொருளாகிறாள், பாடுபவளாக ஆவதில்லை. ஓநாய், கழுகு, குதிரை என்று தேசியம் தனக்கு ஆண் உடலைத் தேர்ந்துகொள்வது மங்கோலியாவில் மட்டும் நடப்பதல்ல. ஆனால் இங்கே அது ஹான் சந்தைக்கும் வசதியாகப் போயிற்று. 2004இல் ஜியாங் ரோங் என்ற ஹான் எழுத்தாளரின் 'ஓநாய்க் குலச்சின்னம்' நாவல் லட்சக்கணக்கில் விற்றது. மங்கோலியனின் ஓநாய்க் குணத்தைச் சீனர்கள் கற்க வேண்டுமாம். 2015இல் அது படமானபோது மங்கோலிய எழுத்தாளர் குவோ ஷுவேபோ, ஓநாய் எங்கள் குலச்சின்னமே அல்ல, ஆட்டு மந்தைக்கு எதிரி என்று பகிரங்கமாக மறுத்தார். இரகசிய வரலாற்றின் ஓநாயும் சந்தையின் ஓநாயும் ஒரே ஓநாய் இல்லை. தெங்கர் பாடிய மேடைகளில் இரண்டும் சேர்ந்தே ஊளையிட்டன.

பிறகு 'சொர்க்கம்'. 1990களின் கடைசியில் அவரே எழுதி மெட்டமைத்த பாட்டு. சீனம் முழுக்க அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். நீல வானம், தெளிந்த ஏரி, பசும்புல், என் வீடு. மேலோட்டமாகப் பார்த்தால் சுற்றுலாத் துறை விளம்பரம். ஆனால் அந்தக் குரல் வீட்டுக்குத் திரும்புகிற குரலாக இல்லை, வீட்டைக் கையில் பிடிக்க முடியாதவன் குரலாக இருக்கிறது. சொர்க்கம் என்பது இறந்த பிறகு போகும் இடம் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஏனென்றால் அந்தப் பாட்டு பரவிய ஆண்டுகளில் தரையில் நடந்தது இது: 1980களில் மேய்ச்சல் நிலம் குடும்பவாரியாகக் குத்தகைக்குப் பிரிக்கப்பட்டு முள்கம்பி வேலி வந்தது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறிய மந்தை ஒரே துண்டில் நின்று மேய்ந்தது. காஷ்மீர் கம்பளிக்கு விலை ஏறியதால் ஆடுகள் பெருகின. புல் போய் மணல் வந்தது. பெய்ஜிங் வானத்தில் புழுதிப் புயல் எழும்பியதும் பழி மேய்ப்பவன் தலையில் விழுந்தது. 2000க்குப் பிறகு மேய்ச்சல் தடை, 'சூழலியல் இடப்பெயர்வு' என்ற பெயரில் மேய்ப்பர்களை நகர ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைப்பது. இன்னொரு பக்கம் அதே நிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள். தெங்கர் பிறந்த ஓர்தோஸ் சீனத்தின் மிகப் பெரிய நிலக்கரிப் பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. ஆடு மேய்ந்தால் சூழல் கெடுமாம், சுரங்கம் தோண்டினால் கெடாதாம். 2011 மே மாதம் ஷிலின்கோல் பகுதியில் நிலக்கரி லாரிகளை மறித்து நின்ற மெர்கென் என்ற மேய்ப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மாணவர்களும் மேய்ப்பர்களும் தெருவுக்கு வந்தார்கள். லாரி ஓட்டியவருக்கு மரண தண்டனை கொடுத்து விஷயத்தை ஒரு தனிமனிதக் கொலையாகச் சுருக்கினார்கள். ஸ்டாலின் சொன்ன இரண்டாவது கூறும் மூன்றாவது கூறும் இப்படித்தான் லாரியில் ஏறிப் போயின. பால் பாக்கெட்டில் மட்டும் புல்வெளி பச்சையாகவே இருந்தது.

7

கடைசியாக மொழி. 2005இல் மங்கோலிய நீள்பாடலைச் சீனாவும் மங்கோலியாவும் கூட்டாக யுனெஸ்கோவில் பதிந்தன. 2009இல் ஹூமேய் என்கிற தொண்டைப் பாட்டைச் சீனா தன் பெயரில் பதிந்தது. மங்கோலியாவில் கோபம் கிளம்பி, 2010இல் அவர்கள் தனியாகப் பதிந்தார்கள். பாட்டு யாருடைய சொத்து என்று அரசுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 2017 நவம்பரில் ஷி ஜின்பிங் சோனித் வலது வட்டாரத்து உலான் முச்சிர் கலைஞர்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். 2018 வாக்கில் தெங்கர் இளம்பெண் குழுக்களின் துள்ளல் பாட்டுகளைத் தன் கரகரத்த குரலில் பாடி, ஒரு புதிய தலைமுறையின் வேடிக்கைக்கும் செல்லத்துக்கும் உரியவரானார். முரட்டுக் குரலில் குழந்தைப் பாட்டு, சிரிப்பு வரத்தான் செய்யும். ஒரு காலத்தில் பயமுறுத்திய குரல் இப்போது சிரிக்க வைக்கிறது. ஒரு கலைஞர் தன் சுமையை இறக்கி வைத்து விளையாடுவதாகவும் இதைப் பார்க்கலாம். சந்தை அந்தக் குரலிலிருந்து வரலாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டதாகவும் பார்க்கலாம்.

2020 ஆகஸ்ட் கடைசியில், மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழிப்பாடம், பிறகு அரசியல், வரலாறு ஆகியவை படிப்படியாகச் சீன மொழிப் பாடப் புத்தகங்களுக்கு மாறும் என்ற அறிவிப்பு வந்தது. மங்கோலிய எழுத்திலேயே பேசிக்கொள்ள வசதி செய்திருந்த 'பைனு' செயலி மூடப்பட்டது. செப்டம்பரில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். 1981க்குப் பிறகு இவ்வளவு பரவலான எதிர்ப்பு இல்லை. கைதுகள், வேலை நீக்கங்கள், சில வாரங்களில் அடக்கம். அந்த ஆண்டு எடுத்த கணக்குப்படி உள் மங்கோலியாவின் 2 கோடி 40 லட்சம் மக்களில் மங்கோலியர் சுமார் 42 லட்சம், ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனாலும் மங்கோலிய நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகம். பழைய செங்குத்து எழுத்தை 1940களில் கைவிட்டு ரஷ்ய எழுத்துக்கு மாறிய அந்த நாடு, 2025 முதல் அரசு ஆவணங்களில் செங்குத்து எழுத்தையும் சேர்ப்பதென்று முடிவு செய்திருந்தது. அந்த எழுத்தை அத்தனை காலமும் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்து மங்கோலியர்கள்.

இப்போது அந்த நான்கு கூறுகளுக்குத் திரும்புவோம். நிலம் வேலிக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போயிற்று. மேய்ச்சல் பொருளாதாரம் இடப்பெயர்வுத் திட்டத்தில் போயிற்று. மொழி பாடப் புத்தகத்திலிருந்து போகிறது. பாட்டு இருக்கிறது. கலைக்குழு இருக்கிறது, சம்பளமும் கடிதமும் கிடைக்கின்றன. ஸ்டாலினின் வரையறையில் உள்ள ஓட்டை இங்கேதான் தெரிகிறது. நான்கையும் அவர் ஒரு பட்டியலாக எழுதினார். பட்டியல் என்றால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கலாம் என்று அதிகாரத்துக்குத் தோன்றும். மொழியும் நிலமும் பிழைப்பும் இல்லாத 'உளவியல் அமைப்பு' எதைப் பற்றிப் பாடும்? இழந்தது பற்றித்தான் பாடும். அதையும் எவ்வளவு காலம்? இழந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிற வரைக்கும்.

தெங்கர் சமரசவாதியா, எதிர்ப்பாளரா என்று கேட்டு ஒரு பக்கம் டிக் அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடலாம். அரசின் கலைக்குழுவில் வளர்ந்து, அரசின் தொலைக்காட்சியில் பாடி, அரசின் ஆலோசனை மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர் அவர். அதே மனிதர்தான் ஒரு சொல்லை, அதுவும் தன் மக்களின் பெயரை, சிரிப்பு மேடையிலிருந்து பிடுங்கி வலியோடு சொல்லிக் காட்டினார். ஒரு பாட்டால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தார். மிச்சம் பாட்டின் வேலை இல்லை. அதைப் பெற்றோர்கள் செப்டம்பரில் பள்ளி வாசலில் செய்து பார்த்தார்கள்.

பண்பாடு பத்திரமாக இருக்கிறதே என்று ஆறுதல் சொல்ல எப்போதும் யாராவது வருவார்கள். அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி போதும். அந்த 'மங்கோலியன்' பாட்டை அடுத்த தலைமுறைப் பிள்ளை எந்த மொழியில் கற்றுக்கொள்ளும்? அதில் வருகிற கூடாரத்தையும் சாணப் புகையையும் எங்கே போய்ப் பார்க்கும்?